உயிருள்ளவை: இல்லை

பதினோரு நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நாற்றமே இல்லை. முதலில் சரியில்லாமல் பட்டது அதுதான்.

நாற்றம் அடிக்கும் என்று நம்பித்தான் அவன் கிளம்பி வந்திருந்தான். மூக்கடியில் தடவிக்கொள்ளத் தைலம், கைக்கு நீல நிற ரப்பர் உறை, ஒரு டார்ச், பக்குவமாக மடித்து வைத்த மூன்று பெரிய குப்பைப் பைகள். வாசற்கதவில் ஒட்டியிருந்த சீல் காகிதத்தைக் கத்தியால் கீறி, பூட்டைத் திறந்து, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி இருட்டில் நின்றான். எவ்வளவு நேரம்தான் பிடிக்க முடியும்? காது அடைத்து, கண் பிதுங்கி, கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு இழுப்பு இழுத்தபோது மூக்கில் ஏறியது ஈரத் தரையின் வாசனை. சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டுக் காயவிட்ட தரை. வெளியே நான்கு மணி வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே எல்லா ஜன்னலுக்கும் பலகை அடித்திருந்ததால் இடுக்குகளில் மட்டும் கோடு கோடாக வெளிச்சம். பலகை அடிக்கச் சொன்னது அவன்தான். மின்சாரத்தைத் துண்டித்ததும் அவன்தான், தண்ணீர்க் குழாயை மீட்டரோடு அடைத்ததும் அவன்தான். அப்படியிருக்க, தரையைத் துடைத்தது யார்?

அவன் யாரென்று சொல்லிவிடுகிறேன். கடன் கட்ட முடியாமல் போன வீடுகளை வங்கி எடுத்துக்கொள்ளும்போது அதற்கான கைவேலைகளை ஒப்பந்தத்துக்குச் செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் ஆள். வீட்டுக்காரர்களை வெளியே அனுப்ப வேண்டும், மிச்சச் சாமானைப் பட்டியல் போட வேண்டும், பூட்டை மாற்ற வேண்டும், கதவில் கையெழுத்துப் போட்ட சீல் காகிதத்தை ஒட்ட வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு வீட்டை முடிக்க ஒரு நாள் ஆகும். இவன் ஒரே நாளில் மூன்று வீட்டை முடிப்பான். அதனால் அலுவலகத்தில் இவனுக்கு மின்னல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் இவனுக்கும் உள்ளூரப் பெருமை உண்டு.

மின்னல் வேகத்தின் சூட்சுமம் ஒன்றும் பிரமாதமில்லை. காலையில் டீ குடிக்கும்போதே அன்றைய படிவங்களின் கடைசிப் பக்கத்தை நிரப்பி, கையெழுத்தும் போட்டு வைத்துவிடுவான். எரிவாயு: மூடப்பட்டது. தண்ணீர்: மூடப்பட்டது. உயிருள்ளவை: இல்லை. வீட்டைக் கண்ணால் பார்க்கும் முன்பே அதற்குள் உயிர் எதுவும் இல்லை என்று மையால் எழுதும் துணிச்சல் எல்லாருக்கும் வந்துவிடாது. ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஒரு மீன்தொட்டி மாட்டியது. மீன் புகார் சொல்லாது என்று சிரித்துக்கொண்டே சீல் ஒட்டிவிட்டு வந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அவன் எதற்கும் மெனக்கெட மாட்டான்.

இந்த வீட்டில் இருந்தது ஒரு அம்மா, அவள் புருஷன், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. அதோடு தடியன் என்று ஒரு கிழட்டு நாய், இரண்டு பூனைகள். சாமான் தூக்குகிறவர்களின் காலில் சிக்கும், எங்கேயாவது அடைத்து வையுங்கள் என்று அன்றைக்குச் சொன்னது மின்னல்தான். சொன்ன பேச்சைக் கேட்டு அந்த அம்மா மூன்றையும் வீட்டின் பின்புறமுள்ள துவைக்கும் அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டாள். அப்புறம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு, புருஷனோடு சேர்ந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் நின்ற லாரிக்குப் போனாள். லாரி ஏன் தெருமுனையில் நின்றது? வாசலை அடைத்துக்கொண்டு மின்னலின் கார் நின்றது, அதனால்தான்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் பின்கதவின் பூட்டை மாற்றிக்கொண்டிருந்த பூட்டுக்காரர், கையில் இருந்த திருப்புளியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“சார், உள்ள ஏதோ சொரண்டுது.”

மின்னலுக்கும் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் படிவத்தில் ‘இல்லை’ என்று மையால் எழுதியாகிவிட்டது. அதை அடித்தால் புதுப் படிவம் போட வேண்டும், விலங்குக் காப்பகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர்களின் வண்டி வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அன்றைக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி.

“எலியா இருக்கும்” என்றான்.

பூட்டுக்காரர் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அவருக்கும் வயிறு இருந்தது. குனிந்து திருகாணியை முடுக்கினார்.

அந்த அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தபோது மின்னல் வாசற்கதவில் சீல் ஒட்டி, நான்கு ஓரத்தையும் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். உள்ளே மூன்று உயிர் இருக்கிறது என்று அவள் கெஞ்சினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்மா என்றான். அப்படி ஒரு நாளை கிடையாது. சீல் விழுந்த வீட்டை எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் வழக்கு. அது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

அவள் தினமும் போன் செய்தாள். மூன்றாம் நாள் அவன் தவறுதலாக எடுத்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அழுகைச் சத்தம் கேட்கிறதாம் என்றாள். குரல் உடையாமல் பிடித்து வைத்துக்கொண்டு, கணக்கு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி நிதானமாகச் சொன்னாள். “தடியன் வயசான நாய் சார். எப்பவும் கதவுலதான் சாஞ்சு படுத்துக்கும். நான் குளிக்கப் போனாக்கூட வெளிய கதவோட ஒட்டிப் படுத்துக்கும், தள்ளித்தான் திறக்கணும். நீங்க திறக்கும்போது மெதுவாத் திறங்க சார். அடிபட்டுடும்.”

“எலியா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வராதபடி முடக்கினான். ஆறாம் நாளுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சத்தம் கேட்கவில்லை.

அவள் விடவில்லை. இந்த அலுவலகம், அந்த அலுவலகம் என்று குழந்தையோடு படியேறி இறங்கி ஒருவழியாக உத்தரவு வாங்கிவிட்டாள். இன்று மாலை ஐந்து மணிக்குக் காப்பகத்துப் பெண், பூட்டுக்காரர், சீலில் கையெழுத்துப் போட்ட மின்னல் ஆகியோர் முன்னிலையில் வீட்டைத் திறந்து பிராணிகளை மீட்க வேண்டும். மீட்க என்ன இருக்கப்போகிறது? பதினோரு நாள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். அந்தக் காப்பகத்துப் பெண் மூன்று பிணத்தையும் அவன் எழுதிய ‘இல்லை’யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தால் வேலை போகும். வேலையோடு நிற்காது, ஜெயில் வரைக்கும் போகும்.

அதனால் நான்கு மணிக்கே வந்துவிட்டான். மூன்றையும் பையில் கட்டி காரில் போட்டுவிட வேண்டும், தரையைத் துடைத்துவிட்டுக் கதவில் புதுச் சீல் ஒட்டிவிட வேண்டும், ஐந்து மணிக்கு ஒன்றும் தெரியாதவன்போல வாசலில் நின்று, பலகை இடுக்கில் புகுந்து எங்கேயோ ஓடியிருக்கும் என்று கைவிரிக்க வேண்டும். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தான். அவன் எப்போது எங்கே நிற்கிறான் என்பதை நிறுவனம் போனில் பதிந்துகொண்டே இருக்கும் என்பதால் போனையும் காரிலேயே வைத்துவிட்டான். இன்றைய படிவத்தையும் காலையிலேயே எழுதிவிட்டான், பழக்கம் விடுமா? வீடு முழுவதும் பார்த்தேன். உயிருள்ளவை: இல்லை. வெளியேறினேன். நேரத்துக்கான கட்டம் மட்டும் காலி. அதையும் வீட்டுச் சாவியையும் கதவோரத்துச் செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டு டார்ச்சைப் போட்டான்.

கூடத்தின் நடுவில் மூன்று கிண்ணங்கள் வரிசையாக இருந்தன.

அவற்றை அவனுக்குத் தெரியும். பட்டியலில் நாற்பத்தொன்றாம் எண்: பிளாஸ்டிக் கிண்ணம் மூன்று, காலி, இடம்: சமையலறை மூலை. இப்போது கூடத்தில் இருந்தன, விளிம்பு வரை தண்ணீரோடு. டார்ச் வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கூரையில் நெளிந்தது. குனிந்து விரலால் தொட்டான். ரப்பர் உறையையும் தாண்டிச் சில்லென்று ஏறியது. விரலை எடுத்த பிறகும் அந்த வட்டம் அலைந்துகொண்டே இருக்க, முதல் கிண்ணத்தைத் தொட்டதற்கு மூன்றாம் கிண்ணத்தின் தண்ணீரும் ஏன் அலைகிறது என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தபோது, அடுத்த அறையில் நகங்கள் தரையில் பட்டு நடக்கும் சத்தம் கேட்டது. டக், டக், டக், டக். பெரிய நாயின் சோம்பலான நடை. அதற்குப் பின்னால் இன்னும் மெல்லியதாக, காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு, வேறு இரண்டு.

பயத்துக்கு முன்னால் அவனுக்கு வந்தது நிம்மதி, அதுதான் வேடிக்கை. உயிரோடு இருக்கின்றனவா? அப்படியானால் வழக்கு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உதட்டைக் குவித்து ‘ச்சூ ச்சூ’ என்று கூப்பிட்டான். பாசமாகக்கூடக் கூப்பிட்டான். சத்தம் நின்றது. அவன் ஒரு அடி வைத்தான், அது ஒரு அடி வைத்தது. அவன் அடுத்த அறைக்குள் போனபோது அது அதற்கடுத்த அறையில் இருந்தது. குழந்தையின் அறையில் சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் கிழித்த தடங்கள், கட்டில் கிடந்த இடத்தில் நான்கு கால்களின் பள்ளம். சமையலறையில் அடுப்பை எடுத்த இடத்தில் எண்ணெய்க் கறை. எங்கேயும் ஒன்றும் இல்லை. ஆனால் சமையலறைத் தரையில் ஈரமான காலடிகள் இருந்தன. ஒன்று பெரிது, இரண்டு சிறிது. மூன்றும் பின்புறம் நோக்கிப் போயிருந்தன. திரும்பி வந்த அடி ஒன்றுகூட இல்லை.

அவன் பின்னாலேயே போனான். போகாமல் என்ன செய்வான், அதற்குத்தானே வந்தான்.

அடிகள் துவைக்கும் அறையின் கதவு வரை போய், கதவுக்கு அடியில் புகுந்து மறைந்திருந்தன. கதவுக்கு வெளியே சுவரில் ஒரு ஆணி, ஆணியில் நாயைக் கட்டும் சிவப்புக் கயிறு. கதவில் தாழ்ப்பாள், போட்டது போட்டபடியே இருந்தது.

அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். வெளியே தாழ்ப்பாள் போட்ட கதவு. உள்ளே போன ஈர அடிகள். அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. ஐந்து மணிக்கு அந்தப் பெண் கையில் கேமராவோடு வருவாள் என்று புத்தி சொன்னது. புத்தியைத்தான் கேட்டான். தாழ்ப்பாளை இழுத்தான். மெதுவாகத் திறங்கள், சாய்ந்து படுத்திருக்கும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து, உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினான். கனமே இல்லை. கதவு தானாக உள்ளே போனது.

அறை காலியாக இருந்தது. சிமெண்டுத் தொட்டி, காய்ந்த குழாய், மூலையில் இரும்புச் சல்லடை போட்ட வடிகால், உயரத்தில் பலகை அடித்த ஒரு சின்ன ஜன்னல். நாய் இல்லை, பூனை இல்லை. ஒரு முடிகூட இல்லை. கழுவி விட்ட மாதிரி இருந்தது. நடுவில் வந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றினான். அப்போது டார்ச் வெளிச்சம் கதவின் உள்பக்கத்தில் விழுந்தது.

கீழே, முழங்கால் உயரத்தில், மரத்தைத் தோண்டியிருந்தது. நாயின் வேலை. விரல் போகும் அளவுக்குப் பள்ளம். அதைச் சுற்றி மெல்லிய கீறல்கள், தாவித் தாவிக் கீறியவை, பூனைகளுடையவை. கீறல்களின் ஓரத்தில் கறுத்துக் காய்ந்த ரத்தம். இதை எதிர்பார்த்துத்தான் வந்தான். இதற்கு மேலேதான் எதிர்பார்க்காதது இருந்தது. அவன் மார்பு உயரத்தில், நான்கு கோடு சேர்ந்தாற்போல, ஐந்தாவது கொஞ்சம் தள்ளி. மறுபடி நான்கும் ஒன்றும். மறுபடி. மறுபடி. கதவின் மேல்பாதி முழுக்க.

குழந்தைக்கு இவ்வளவு உயரம் எட்டாது. நாய்க்கு ஐந்தாவது விரல் இப்படித் தள்ளி இருக்காது. கிட்டப் போய்ப் பார்த்தான். ஒரு கோட்டின் அடியில் ஏதோ சிக்கியிருந்தது, நகத்தளவு. நீல நிற ரப்பர்.

தன் கையைப் பார்த்தான். உறை முழுசாக இருந்தது. இரண்டு கையிலும் முழுசாகத்தான் இருந்தது.

கதவு மூடிக்கொண்டது.

வேகமாக இல்லை. யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக. வெளியே தாழ்ப்பாள் நகர்ந்து விழுந்தது. அதன் பிறகு கதவின் மேல் ஒரு கனம் சாய்ந்தது. முடி மரத்தில் உரசிக்கொண்டே கீழே இறங்கும் சத்தம். தரையில் பொத்தென்று உட்காரும் சத்தம். ஒரு கிழ நாயின் நீண்ட பெருமூச்சு.

கைக்கடிகாரத்தின் ஒளிரும் எண்களில் மணி நான்கு பன்னிரண்டு.

கத்தினான். கதவில் தோளால் மோதினான். பேசிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான், ‘தடியா, தடியா’ என்று கொஞ்சிப் பார்த்தான். அடக் கடவுளே, ஒரு மணி நேரம்தானே, ஐந்து மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள் என்று தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். என்ன சாக்குச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டான். உத்தரவு வந்ததும் மனசு கேட்கவில்லை, முன்னாடியே காப்பாற்றலாம் என்று ஓடி வந்தேன் என்று சொன்னால் நம்புவார்கள். அந்தச் சாக்கு அவனுக்கே பிடித்துப்போனது. கண்ணை மூடினான். தூங்கிவிட்டான்.

விழித்தபோது கழுத்து மரத்துப்போய் இருந்தது. நன்றாக, ஒரு இரவு முழுக்கத் தூங்கிய உடம்பு. மணி நான்கு பதினேழு.

கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு அப்படியே இருந்தது. நான்கு மணி வெயில், மங்கவில்லை. முகத்தைத் தேய்த்தான். காலையில் மழித்த தாடை. முள் முளைத்திருந்தது.

மறுபடி தூங்கினான். மறுபடி விழித்தான். நான்கு இருபத்திரண்டு. முள் கையில் சொரசொரத்தது. டார்ச் மங்கி, சிவந்து, அணைந்தது. நாக்கு வாயின் மேல் ஒட்டிக்கொண்டது. குழாயைத் திருகினான். காற்று வந்தது. நன்றாக அடைத்திருந்தான், அவன் வேலை எப்போதும் சுத்தம். குழாய் முனையை வாயில் வைத்து உறிஞ்சினான். துருவின் சுவை.

வெளியே தண்ணீர் குடிக்கும் சத்தம். சளக், சளக், சளக். அவசரமே இல்லாமல். ஒன்று குடித்து முடித்ததும் மற்றொன்று.

நான்கு இருபத்தெட்டு. வடிகாலின் சல்லடையை நக்கினான்.

நான்கு முப்பத்தொன்று. அவனுக்கு இன்னும் குரல் இருந்தது. சுவரைத் தட்டினான். பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது கேட்டது, மெதுவாக, இழுத்து இழுத்து. பிறகு அதுவும் இல்லை. முழங்காலில் நின்று கதவில் வாயை வைத்து, தண்ணீர், தண்ணீர் என்றான். நாய் மறுபக்கம் புரண்டு படுத்தது.

எத்தனை தூக்கம்? நான்கு வரை எண்ணினான். அப்புறம் விட்டுப்போனது. ஆறோ. ஏழோ. குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்று. தாடி விரலில் சிக்கியது. மார்பு உயரத்தில் கதவைச் சொரண்டினான். நான்கும் ஒன்றும். நான்கும் ஒன்றும். உறை கிழிந்தது. நகம் கிழிந்தது. தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

நான்கு ஐம்பத்தெட்டு.

ஐந்து.

வாசலில் வண்டி வந்து நின்றது. கேட் கிறீச்சிட்டது. மனிதக் குரல்கள். அவன் தரையில் கிடந்தான், கன்னம் வெளிச்சக் கோட்டோடு ஒட்டிக் கிடந்தது. கதவின் மேலிருந்த கனம் எழுந்தது. நகங்கள் தரையில் வழுக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடின. குரைப்பு. ஒரு பெண்ணின் அழுகை, அதற்குள்ளேயே சிரிப்பு. தடியா, என் தங்கமே, என் ராசாவே.

காப்பகத்துப் பெண்ணின் குரல் திகைத்துப்போய்க் கேட்டது. பதினோரு நாள் ஆனது, ஒன்றும் இளைக்கவே இல்லையே, எலும்புகூடத் தெரியவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றாள். பிறகு காகிதம் சரசரத்தது.

“இதப் பாருங்க. வீடு முழுக்கப் பாத்தாராம். உயிருள்ளவை இல்லையாம். மூணும் இங்க நிக்குது.”

“அந்த ஆளு பாக்க மாட்டாரும்மா, எழுதுவாரு” என்றார் பூட்டுக்காரர். “நேரம்கூடப் போடல. நீங்க வருவீங்கன்னு பயந்து, சாவிய வெச்சிட்டு முன்னாடியே ஓடிட்டாரு. போனு போட்டேன், எடுக்கல. எப்ப எடுத்தாரு.”

அவன் சொரண்டினான். இருந்த தெம்பையெல்லாம் விரலுக்குக் கொண்டுவந்து சொரண்டினான். அது சத்தமா? அவன் காதுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

காப்பகத்துப் பெண் எண்ணினாள். நாய் ஒன்று, பூனை இரண்டு, உத்தரவில் சொன்னது மூன்று, மூன்றும் வந்தாகிவிட்டது, வீட்டை மூடிவிடலாம் என்றாள். தடியனின் கயிறு பின்னால் மாட்டியிருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள் அந்த அம்மா.

காலடிகள் வந்தன. அவளுடையது. கூடவே நகங்களின் சத்தம்.

கோட்டின் வழியே அவள் பாதங்களைப் பார்த்தான். தேய்ந்த செருப்பு, நாள்பட அலைந்த புழுதி. பக்கத்தில் நாயின் முன்னங்கால்கள். நாய் உட்கார்ந்தது. ஆணியிலிருந்து கயிறு இறங்கியது. பாதங்கள் திரும்பின.

கதவுக்கு அடியில் விரல்களை நுழைத்தான். நான்கு விரல். முட்டிவரை. நகம் இல்லாத நுனிகளில் நீல ரப்பர் தொங்கியது. அசைத்தான்.

பாதங்கள் நின்றன.

அவள் குனிந்தாள். முழங்கால் தரையில் பட்டது. கை தரையில் ஊன்றியது. பிறகு கோட்டில் அவள் கண் தெரிந்தது. ஒரு கண். அது விரல்களைப் பார்த்தது. விரல்களுக்கு அப்பால், இருட்டில், அவன் கண்ணைப் பார்த்தது. பயப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

“அங்க என்னம்மா சத்தம்?” கூடத்திலிருந்து பூட்டுக்காரர் கேட்டார்.

“எலியா இருக்கும்” என்றாள்.

நாயின் ஈர மூக்கு அவன் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து, சூடாக ஒரு மூச்சு விட்டு, விலகிக்கொண்டது. அவள் எழவில்லை. வாயைக் கோட்டோடு வைத்து, மூன்றாம் நாள் போனில் பேசிய அதே நிதானமான குரலில், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“நாளைக்கு வந்து எடுத்துக்கலாம் சார்.”

போய்விட்டாள். நகங்கள் போயின. வாசற்கதவு மூடியது. பூட்டு விழுந்தது. காகிதத்தின் நான்கு ஓரத்தையும் யாரோ கட்டைவிரலால் தேய்த்தார்கள், நன்றாக, அழுத்தி. வண்டி கிளம்பியது.

கோட்டின் வெளிச்சம் முதல்முறையாக மங்கத் தொடங்கியது. மஞ்சள். பழுப்பு. பிறகு இல்லை.

முழு இருட்டில் அவன் கதவைப் பிடித்து முழங்காலில் எழுந்தான். கை மேலே போனது. மரத்தில் கோடுகள் காத்திருந்தன, நான்கும் ஒன்றும். அவன் விரல்கள் ஐந்தும் அவற்றுக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தன.